சர்வர் அக்காவின் அரைமணி நேரங்கள்

புதன்கிழமைகளில் மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் அறைக்குள் முதலில் யார் நுழைகிறார்களோ அவர்களிடம் சர்வர் அக்கா ஓர் எண் கேட்பார்.

"நாலு லட்சத்துக்குள்ள ஏதாவது ஒரு நம்பர் சொல்லுங்க."

"எதுக்குக்கா, லாட்டரியா?"

"சொல்லுங்களேன். யோசிக்காம சொல்லணும்."

பெரும்பாலும் மாட்டுபவர் ஐஸ்பெட்டி. ஊரிலுள்ள மருத்துவமனைகளிலிருந்து ரத்தக் குப்பிகளையும் சதைத் துணுக்குகளையும் பெட்டியில் வைத்து பைக்கில் எங்கள் பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுவருபவர். அவருடைய சொந்தப் பெயரை நாங்கள் எல்லோரும் மறந்துவிட்டோம். அவருக்கே ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். அவர் தலையைச் சொறிந்து ஒரு எண்ணைச் சொல்வார். அந்த எண்ணுள்ள நோயாளியின் ரிப்போர்ட், எல்லா ரிப்போர்ட்டுகளும் இருக்கும் சர்வரில் இல்லவே இல்லை, எரிந்து போய்விட்டது என்று அக்கா வைத்துக்கொள்வார். பிறகு பேக்கப்பிலிருந்து, அதாவது தினமும் எடுத்து வைக்கும் நகலிலிருந்து, அதை மீட்டெடுக்க உட்கார்ந்துவிடுவார். அதற்கென்று மேஜைக்கடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தார். அதற்குப் பெயர் கிழவன். கிழவன் எழுந்து நிற்கவே கால்மணி நேரம் ஆகும். இருமுவான், முனகுவான். கடைசியில் அவன் திரையில் அந்த ரிப்போர்ட் திறந்தால் நோட்டில் ஒரு டிக். அவ்வளவுதான். ஆறு வருடத்து டிக்குகள் அந்த நோட்டில் இருந்தன.

"சர்வர்லயே திறந்து பார்த்துடலாமேக்கா, ரெண்டு நிமிஷ வேலை" என்று ஒருமுறை கேட்டேன். நான் கேள்வி கேட்பதே அபூர்வம் என்பதால் அவர் திரும்பி உட்கார்ந்து பதில் சொன்னார்.

"வீடு எரிஞ்சா என்ன பண்றதுன்னு அந்த வீட்டுக்குள்ளயே உட்கார்ந்து பார்க்க முடியுமா? வெளில நின்னு பார்க்கணும். கிழவன்தான் நம்ம வெளி."

அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். என் வேலை ஃபோன் எடுப்பது. ஐந்து கிளைகளிலிருந்தும் அழைப்பார்கள். பத்தில் ஏழு பேர் பாஸ்வேர்டை மறந்தவர்கள், இரண்டு பேருக்கு பிரிண்டர் ஓடாது, ஒருவர் தவறான எண்ணை அழுத்தியவர். நேருக்கு நேர் பேசுவதென்றால் எனக்கு நாக்கு உலர்ந்துவிடும். ஃபோனில் முகம் தெரியாது என்பதால் சமாளித்துவிடுவேன். அக்காவின் மேஜையும் என் மேஜையும் ஒட்டிக் கிடந்தன. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் குளிரூட்டிய சின்ன அறையில் இரண்டு இரும்பு அலமாரிகளில் சர்வர்கள் நாள் முழுக்க ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்கும். அந்தக் குளிருக்காக அவர் அணியும் ஸ்வெட்டரைக் கழற்ற மறந்து, கொளுத்தும் வெயிலில் அப்படியே பஸ்ஸுக்கு நடப்பதை நான் ஜன்னல் வழியாகப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வயது நாற்பத்து நான்கு. கணவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் முதுகெலும்பில் அறுவை சிகிச்சை ஆன பிறகு பெல்ட் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்கிறார். ஒரே மகள், இந்த வருடம் பள்ளி இறுதித் தேர்வு. வீடு நடப்பது அக்காவின் சம்பளத்தில். இதை அவர் குறையாகச் சொன்னதில்லை. வேடிக்கையாகத்தான் சொல்வார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தூரத்துச் சித்தி ஒருத்தி, "சர்வர் வேலையாமே, எந்த ஹோட்டல்ல?" என்று கேட்டாளாம். "ஹோட்டல் இல்ல சித்தி, லேப்பு. ஆனா இங்கயும் லேட்டானா திட்டு விழும்" என்றாராம் இவர். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கணவர் கதவைத் திறந்ததும் கேட்பாராம்:

"இன்னைக்கும் ஒண்ணும் நடக்கலையா?"

"ஒண்ணும் நடக்கலங்க."

"ஒண்ணும் நடக்காததுக்கு உனக்குச் சம்பளம் வேற!"

ஒன்றும் நடக்காமல் இருப்பதற்கு அவர் என்னென்ன செய்தார் என்று பக்கத்தில் உட்கார்ந்த எனக்குத்தான் தெரியும். வேலை ஓய்ந்த நேரங்களில் சர்வர் எழுதி வைக்கும் குறிப்புகளை, ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படிப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் படிப்பார். "இவன் மூணு நாளா ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு வாங்குறான், ஏன்னு தெரியல" என்பார். சுவருக்கு அடிக்கும் பெயின்ட் பிரஷ் ஒன்றை வாங்கி வைத்து மின்விசிறிகளின் தூசியைத் தட்டுவார். கிளைகளுக்கு ரிப்போர்ட் போகவில்லை என்று முன்பெல்லாம் ஒரு நாளைக்கு நாற்பது அழைப்பு வரும். ஒரு மழைக்காலத்தில், ஃபோன் ஓய்ந்த நேரமெல்லாம் உட்கார்ந்து சர்வருக்கென்று ஏதோ புரோகிராம் எழுதினார். அதன்பின் ரிப்போர்ட்டுகள் தாமாகவே போய்ச் சேர்ந்தன, போகாதவை தாமாகவே மறுபடி கிளம்பின. நாற்பது அழைப்பு நாலானது. அவர் கையிலிருந்த வேலையை அவரே இப்படி ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார். குறையக் குறைய, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவர் சும்மா இருப்பதாகத் தெரிந்தது.

வெளியிலிருந்து பார்க்க ஒருவர் வந்தார். புதிய நிர்வாக மேலாளர். வந்த முதல் வாரமே எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை அரைமணி அரைமணியாகக் கட்டம் போட்டது. எந்த அரைமணியில் என்ன செய்தோம் என்று நிரப்பி மாலையில் மேலே அனுப்ப வேண்டும். அன்றைக்கே அவருக்கு அரைமணி என்று பெயர் விழுந்துவிட்டது.

மற்றவர்களுக்குப் பிரச்சினை இல்லை. எதையாவது எழுதினார்கள். அக்கா உண்மையை எழுதினார். "9.00 – 9.30: பேக்கப் சரியா என்று பார்த்தேன். 9.30 – 10.00: பார்த்துக்கொண்டிருந்தேன். 10.00 – 10.30: பார்த்துக்கொண்டிருந்தேன்."

அரைமணி தாளோடு இறங்கி வந்தார். குரலை உயர்த்தாத மனிதர். அதுதான் இன்னும் பயமாக இருக்கும்.

"மேடம், எட்டரை மணி நேரத்துல அஞ்சு மணி நேரம் பார்த்துக்கிட்டே இருந்திருக்கீங்க."

"ஆமா சார்."

"எதை?"

"எதுவும் ஆகலையேன்னு."

"எதுவும் ஆகலைன்னு பார்க்கறதுக்கு ஒரு ஆள் வேணுமா?"

"பார்க்காம விட்டாதான் சார் நாலு ஆள் வேண்டியிருக்கும்."

நான் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையில் யாருமே இல்லாமல், "சொல்லுங்க சொல்லுங்க" என்றுகொண்டிருந்தேன். அரைமணி சிரித்தார். ஒரு வெளிக் கம்பெனி தூரத்திலிருந்தே சர்வர்களைப் பார்த்துக்கொள்ள முன்வந்திருப்பதாகவும், இந்த இருக்கைக்கு முழுநேர ஆள் தேவையா என்பதை இரண்டு மாதத்தில் முடிவு செய்யப்போவதாகவும், காலண்டரில் ஒரு தேதியைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை என்னை மேலே கூப்பிட்டார்.

"நீ வாயே திறக்கமாட்டே, ஆனா உன் கண்ணுக்கு எதுவும் தப்பாதுன்னு சொல்றாங்க. அவங்க சும்மா இருக்கற நேரத்தை மட்டும் குறிச்சு வை. வெள்ளிக்கிழமை மொத்தத்தை எனக்குக் கொடுத்தாப் போதும். யாரையும் போட்டுக்கொடுக்கச் சொல்லல. கணக்குதான்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அதற்கு வாயைத் திறக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு இறங்கி வந்தேன். சட்டைப்பையில் ஒரு சின்னக் குறிப்பேடு வைத்துக்கொண்டேன். அக்காவின் கைகள் அசையாமல் கண்கள் திரையில் நிற்கும் நேரத்தையெல்லாம் கோடு கிழித்தேன். குறிப்பதென்று ஆனபிறகு என்னால் பாதியாகக் குறிக்க முடியவில்லை. அவர் எப்போது எழுந்தார், எப்போது வந்தார், யார் கூப்பிட்டார்கள் என்று எல்லாமே அதில் ஏறியது. வெள்ளிக்கிழமைகளில் மொத்தத்தை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதி மேலே கொடுத்தேன்.

அக்கா மாறியதை அந்த வாரமே பார்த்தேன். கட்டங்களை நிரப்பும்படியான வேலைகளைத் தேட ஆரம்பித்தார். எல்லா வயர்களுக்கும் மஞ்சள் சீட்டு ஒட்டினார். சர்வர் எத்தனை மணி நேரம் தடையில்லாமல் ஓடியது என்பதை வண்ண வண்ணப் படங்களாக வரைந்தார். புதன்கிழமை வந்தது. ஐஸ்பெட்டி வந்து, "நம்பர் வேணாமாக்கா? இன்னைக்கு நல்லதா ஒண்ணு வச்சிருக்கேன்" என்றார்.

"இல்லைங்க. அதை இந்தத் தாள்ல எப்படி எழுதறது? தொலையாத ரிப்போர்ட்டைத் தேடினேன்னா?"

"எழுதுங்க. என் பொண்டாட்டி தினம் அதைத்தான் செய்யறா."

அக்கா சிரித்தார். ஆனால் கிழவன் அன்று எழவில்லை. அடுத்த புதனும் எழவில்லை.

அந்த இரண்டாவது வாரக் கடைசியில்தான் பேக்கப்புகளைப் பூட்ட வேண்டும் என்ற உத்தரவு வந்தது. நோயாளிகளின் விவரம் வெளியே கசிந்தால் யாரும் படிக்க முடியாதபடி நகல்களைப் பூட்டி வைக்க வேண்டும், நியாயமான உத்தரவுதான். அக்கா வெள்ளிக்கிழமை காலையில் அதைச் செய்தார். பூட்டு என்றால் இரும்புப் பூட்டு இல்லை. அதற்குச் சாவி, சில நூறு எழுத்துகள் கொண்ட ஒரு சின்ன ஃபைல். அது சர்வரில் உருவானது. அதை உடனே வெளியே எடுத்து, தாளிலும் அச்சடித்து, கூடத்தின் தலைவரான பெரிய டாக்டரின் அலமாரியில் வைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே பென் டிரைவைக் கையில் எடுத்தார்.

ஃபோன் அடித்தது. நான் எடுத்தேன். அரைமணி. அக்காவின் வியாழக்கிழமைத் தாளில் பதினொன்று முதல் பதினொன்றரை வரை காலியாக இருக்கிறதாம், உடனே மேலே வர வேண்டுமாம்.

"ரெண்டே நிமிஷம், வந்துடறேன்னு சொல்லு தம்பி."

"இப்பவே வரச் சொல்றார்க்கா."

போனார். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது முகம் சுண்டிப் போயிருந்தது. தாளை எப்படி நிரப்ப வேண்டும் என்று வகுப்பு எடுத்திருக்கிறார்கள். பென் டிரைவ் மேஜை மேல் அப்படியே கிடந்தது. அதை எடுத்து டப்பாவில் போட்டார். மறுநாள் காலை திரையில், பேக்கப் சரி என்று பச்சை வந்தது. அதற்கு மறுநாளும் பச்சை. அடுத்த ஐந்து வாரமும் பச்சைதான். பூட்டாத பழைய நகல்களை, பூட்டு விழுந்த அன்றைக்கே, உத்தரவுப்படி சர்வர் தானாகவே அழித்துவிட்டிருந்தது.

ஏழாவது வாரம் திங்கட்கிழமை, சர்வரின் இரட்டை டிஸ்க்குகளில் ஒன்று செத்துப்போனது. ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும், அதற்காகத்தான் இரண்டு. மாற்று டிஸ்க் வியாழக்கிழமை வரும் என்றார்கள். அதுவரை சர்வர் ஒற்றைக் காலில் நின்றது. செவ்வாய் முழுக்க அக்கா கண்ணாடித் தடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை அரைமணி ஏதோ கூட்டத்துக்கு வெளியே போயிருந்தார். சாப்பிட்டுவிட்டு வந்த அக்கா கையைத் துடைத்தபடி, "தம்பி, மனசு ஒரு மாதிரி இருக்கு. கிழவனை எழுப்பு" என்றார்.

ஐஸ்பெட்டி எண் சொன்னார். கிழவன் எழுந்தான், இருமினான். பேக்கப் வந்தது. திறக்கச் சொன்னார். திரையில் ஒரு வரி வந்து நின்றது. சாவி எங்கே என்று கேட்டது.

"சாவி..." என்று சொல்லி, விசைப்பலகையில் வைத்த கையை அக்கா அப்படியே வைத்திருந்தார்.

"என்னக்கா?"

"சாவி சர்வர்ல இருக்கு."

"எடுத்துப் போட்டுட்டாப் போச்சு."

"இப்ப இருக்கு, எடுக்கலாம். சர்வர் போயிருந்தா?" அவர் என்னைப் பார்க்கவில்லை. "பெட்டியைப் பூட்டி, சாவியைப் பெட்டிக்குள்ளயே போட்டு வச்சிருக்கேன் தம்பி. அஞ்சு வாரமா."

எனக்கு மெதுவாகத்தான் ஏறியது. இந்த ஐந்து வாரத்தில், அதுவும் திங்கட்கிழமைக்குப் பிறகு எந்த நிமிடத்திலும், அந்த ஒற்றை டிஸ்க்கும் நின்றிருந்தால் நாலு லட்சம் பேரின் ரிப்போர்ட்டுகளும் போயிருக்கும். நகல் இருந்திருக்கும், அலமாரி நிறைய. ஒன்றையும் திறந்திருக்க முடியாது. யாரோ ஒரு பெண்ணின் மூன்று வருடத்துக்கு முந்தைய கட்டி எந்த அளவில் இருந்தது என்று கேட்டால் சொல்ல எங்களிடம் ஒரு காகிதம்கூட இருந்திருக்காது.

அக்கா எழுந்து கண்ணாடி அறைக்குள் போனார். பென் டிரைவைச் செருகினார். இரண்டு முறை தவறி மூன்றாம் முறை உள்ளே போனது. சின்ன ஃபைல், கண் இமைக்கும் நேரம்தான். ஐஸ்பெட்டி விஷயம் புரியாமலேயே தன் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். சாவி கிழவனுக்கு வந்தது. ரிப்போர்ட் திறந்தது. யாரோ ஒரு முதியவரின் சாதாரண ரத்தப் பரிசோதனை. சர்க்கரை கொஞ்சம் கூட இருந்தது.

சாவியை அச்சடித்து, உறையில் போட்டு ஒட்டி, பெரிய டாக்டரின் அலமாரியில் வைத்துவிட்டு வந்தார். தண்ணீர் குடித்தார். பிறகு அன்றைய தாளை இழுத்து, இரண்டு முதல் இரண்டரை என்ற கட்டத்தில் எழுத ஆரம்பித்தார். கட்டம் போதாமல் எழுத்து ஓரத்தில் ஏறியது. "கடந்த ஐந்து வாரமாக நம்மிடம் பயன்படக்கூடிய நகல் எதுவும் இல்லை என்பதைக் கண்டுபிடித்தேன். சாவியை வெளியே எடுத்து வைக்காதது என் தவறு. சரிசெய்துவிட்டேன்."

நான் எழுந்து அவர் மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அந்த அறையில் மூன்று வருடத்தில் நான் அப்படி எழுந்து போனதில்லை.

"அக்கா, எழுதாதீங்க. ஒண்ணும் ஆகலையே. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுதே."

"இன்னும் ஒரு வாரத்துல முடிவு பண்ணப்போறாங்க. இதையே காரணமா வச்சு..."

"வைப்பாங்க." நோட்டை எடுத்துக் காட்டினார். "இதுல முன்னூறு டிக் இருக்கு தம்பி. இன்னைக்கு நடந்ததை மறைச்சுட்டு ஒரு டிக் போட்டேன்னா, இந்த முன்னூறையும் நானே நம்ப முடியாது. அப்புறம் இந்த நோட்டை வச்சு நான் என்ன பண்றது, வடை மடிக்கறதா?"

"சரி, எழுதுங்க. ஆனா அன்னைக்கு உங்களை மேல கூப்பிட்டதையும் எழுதுங்க. அதனாலதானே மறந்தீங்க."

"கூப்பிட்டது அவர். மறந்தது நான்."

தாள் மேலே போனது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முதல் மாடியில் கூட்டம். பெரிய டாக்டர், அரைமணி, அக்கா. கொஞ்ச நேரத்தில் என்னையும் கூப்பிட்டார்கள். பெரிய டாக்டர் அறுபதைத் தாண்டிய பெண்மணி. ஒரே கண்ணாடித் துண்டை மைக்ராஸ்கோப்பில் மூன்று முறை பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார்.

"அந்த அஞ்சு வாரத்துல அது நின்னிருந்தா?"

"எல்லாம் போயிருக்கும் டாக்டர்."

"எல்லாம்னா?"

"நாலு லட்சமும்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நான் ஒரு ஸ்லைடைத் தப்பாப் பார்த்துட்டா இன்னொரு டாக்டர் பார்ப்பாங்க. உங்க வேலையை ரெண்டாவதா யாரும்மா பார்க்கறது?"

"புதன்கிழமை நானே வெளியிலேர்ந்து பார்ப்பேன் டாக்டர். அதுக்குன்னு ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கு."

"அப்ப அஞ்சு வாரமா ஏன் பார்க்கல?"

அக்கா விரல்களைப் பார்த்தார். "நேரம் இல்ல டாக்டர்."

அரைமணி அதற்காகவே காத்திருந்ததுபோல என் துண்டுத் தாள்களை எடுத்து மேஜையில் வரிசையாகப் பரப்பினார். "நேரம் இல்லையாம் டாக்டர். ஏழு வாரத்துல அறுபத்தெட்டு மணி நேரம் சும்மா இருந்திருக்காங்க. நான் சொல்லல. பக்கத்துலயே உட்கார்ந்திருக்கற பையன் குறிச்சது. இது உன் எழுத்துதானேப்பா?"

"ஆமா சார்."

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. என் சட்டைப்பையில் குறிப்பேடு இருந்தது. அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தில், "11.40 – கையில் பென் டிரைவ். மேலே கூப்பிட்டார்கள், உடனே வரச் சொல்லி. 1.10 – திரும்பினார்" என்று என் கையெழுத்தில் இருந்தது. புதன்கிழமைகளை அவர் எதற்காக விட்டார் என்பதும், ஐஸ்பெட்டியிடம் சொன்ன பதிலும் அதில் இருந்தன. எடுத்து மேஜையில் வைத்தால் போதும். பேசக்கூட வேண்டாம்.

"நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று பெரிய டாக்டர் என்னைக் கேட்டார். நிஜமாகவே கேட்டார், முகத்தைப் பார்த்து, காத்திருந்து கேட்டார்.

"இல்ல டாக்டர்."

அவர் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு அக்காவைப் பார்த்து, "நீங்க சொல்லாம விட்டிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அதுக்கு நன்றி சொல்லணும். ஆனா இனிமே அந்தப் பச்சை விளக்கைப் பார்த்தா எனக்கு நம்பிக்கை வராதும்மா" என்றார். குரல் கனிவாகத்தான் இருந்தது. மாதக் கடைசியோடு அந்த இருக்கை வேண்டாம் என்று முடிவானது.

படிக்கட்டில் நான் அவருக்குப் பின்னால் ஓடினேன்.

"அக்கா, அந்தத் தாள்..."

"தெரியும் தம்பி. ரெண்டு மேஜையும் ஒட்டித்தானே கிடக்கு. நீ கோடு கிழிக்கறப்ப என் மவுஸ் ஆடும்."

"ஏன்க்கா கேக்கல?"

"என்னத்தைக் கேக்கறது? பொய்யா எழுதினே? சும்மாதானே உட்கார்ந்திருந்தேன்."

"உங்களை அன்னைக்கு மேல கூப்பிட்டதையும் எழுதி வச்சிருந்தேன். நேரத்தோட. பையிலயே இருந்துது."

இது அவருக்குத் தெரியாது. படியில் நின்றார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என் சட்டைப்பையைப் பார்த்தார், பிறகு என் முகத்தை. "சரி" என்றார். மாதக் கடைசி வரை என்னிடம் வேலை விஷயம் தவிர வேறெதுவும் பேசவில்லை. அது தண்டனை இல்லை. எப்படிப் பேசுவதென்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

வெளிக் கம்பெனி பொறுப்பேற்றது. பொறுப்பு கைமாற்றும் அழைப்பில் அந்தப் பக்கத்துப் பெண் நூறு கேள்வி கேட்டாள். கடைசியில் அக்கா, வாரம் ஒருமுறை வெளியிலிருந்து திறந்து பாருங்கள் என்றார். "அது எங்க ஒப்பந்தத்துல இல்லைங்க மேடம்" என்று அவள் மரியாதையாகச் சொன்னாள். இப்போது எங்கள் அறையில் அந்த அரைமணித் தாள் எனக்கு மட்டும்தான். நான் ஃபோன் எடுப்பவன். என் கட்டங்கள் நிரம்பி வழிகின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அனுபவச் சான்றிதழைக் கொடுத்து வரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இரண்டு அறை. ஓர் அறையில் மகள் கதவைச் சாத்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். கணவர் நிமிர்ந்த முதுகு நாற்காலியில் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி. இந்த வீட்டுல இப்ப சும்மா இருக்கறவங்க ரெண்டு பேர். எனக்குப் போட்டி வந்துடுச்சு."

அக்கா உள்ளேயிருந்து வந்து சான்றிதழைப் படித்து மடித்தார். வெள்ளிக்கிழமை ஒரு கிடங்குக் கம்பெனியில் நேர்முகத்துக்குப் போயிருக்கிறார். முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டா" என்றார் கணவர். "ஒண்ணு விடாம. கேட்டவன் பேனாவைக் கீழ வச்சுட்டானாம். நானா இருந்தா உடம்பு சரியில்லாததால விட்டேன்னு சொல்லியிருப்பேன். எனக்கு அது பொய்யும் இல்ல."

"வேணாம்னு சொல்லலங்க அவங்க" என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்தார். படிக்கட்டுக்குப் பிறகு முதல்முறையாக நேராகப் பார்த்தார். "கூட வேலை பார்த்த ஒருத்தர் நம்பர் கேட்டாங்க தம்பி. ஃபோன் பண்ணி விசாரிப்பாங்களாம். உன்னைத் தவிர அந்த அறையில யாரு இருந்தா? அதான் உன் மேஜை ஃபோன் நம்பரைக் கொடுத்தேன். கேக்காம கொடுத்தது தப்புதான். வேண்டாம்னா சொல்லு, மாத்திடறேன்."

"வேண்டாங்கலக்கா."

"பேசுவியா?"

"இவனா?" என்றார் கணவர். "இவன் ஹலோ சொல்றதுக்குள்ள அவங்க ஃபோனை வச்சுடுவாங்க. எங்க, நான் கேக்கறேன், சொல்லு பார்ப்போம். ஹலோ, அந்த அம்மா வேலை நேரத்துல சும்மா இருப்பாங்களாமே, நிஜமா?"

அக்கா வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

"இருப்பாங்க சார்" என்றேன்.

கணவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அக்கா அவரைக் கையமர்த்தி, "இருங்க, அவன் இன்னும் முடிக்கல" என்றார். நான் முடிக்க முயன்றேன். குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, தப்பும் தவறுமாக, நடுவில் இரண்டு முறை தண்ணீர் குடித்து, பத்து நிமிடம் பேசினேன். கணவர், "கொஞ்சம் சுருக்குப்பா. அவங்க சொந்தக் காசுல பேசறாங்க" என்றார்.

இன்று வியாழக்கிழமை. குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து ஃபோனுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். நான்கு நாட்களாக ஒவ்வொரு மணிக்கும், இரண்டாவது முறை அடிக்க விடாமல் எடுக்கிறேன். இதுவரை வந்தவர்கள் எல்லோரும் பாஸ்வேர்டை மறந்தவர்கள்தான்.